கடைசலில் நீள்வளையம் வருமா? ஒரு படச்சட்டமும் ஒரு கொட்டாப்புளிப் பிடியும்

உப்புவெளி_கடைசல் | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். மின்சார வேலை என் தொழில். மரம் கடைவது ஓய்வு நேரப் பைத்தியம். இப்போது இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வந்திருக்கின்றன.

முதலாவது, அம்மம்மாவின் படம். நீள்வளையச் சட்டத்தில் கூடத்துச் சுவரில் தொங்கியது. போன மாரியில் சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. கண்ணாடி மட்டும் கீறல் விழாமல் தப்பியிருக்கிறது: நீளம் 300 மி.மீ., அகலம் 220 மி.மீ. அதே வடிவத்தில் புதுச் சட்டம் வேண்டும் என்று அம்மா கேட்கிறார்.

இரண்டாவது, கொட்டாப்புளிப் பிடி, அதாவது தச்சரின் மரச் சுத்தியலுக்குக் கைப்பிடி. உருண்டைப் பிடி கைக்குள் சுழல்கிறது; அடிக்கும்போது முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது விரல்களுக்குத் தெரிவதில்லை. அதனால் 36க்கு 24 அளவில் நீள்வளையப் பிடி செய்யலாம் என்று, கட்டையின் மையத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக் கடைந்தேன். பிறகு மறுபக்கம் தள்ளிக் கடைந்தேன். வந்தது நீள்வளையம் இல்லை. அறுத்துப் பார்த்தால் கண் வடிவம். இரண்டு ஓரங்களும் கூர். எங்கே பிழை?

சீனக்குடா | வெள்ளி, இரவு 9.50

பிழை உங்கள் கையில் இல்லை, தம்பி. அந்த முறையில் கண்தான் வரும். நீங்கள் கடைந்தவை இரண்டு வட்டங்கள். இரண்டுக்கும் பொதுவான பகுதிதான் மிஞ்சியிருக்கிறது.

கணக்கு எளிது. மையத்தைத் தள்ளிய தூரம் விலகல். தள்ளிய அச்சிலிருந்து கடைந்த மேற்பரப்பு வரைக்கும் உள்ளது ஆரை. பாதித் தடிப்பு என்பது ஆரையிலிருந்து விலகலைக் கழித்தால் வருவது. பாதி அகலத்துக்குப் பைதகரஸ்: ஆரையின் வர்க்கத்திலிருந்து விலகலின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்களுக்குத் தேவையான 36க்கு 24க்கு ஆரை 19.5, விலகல் 7.5.

பட்டறைக் குறிப்பு ஒன்று. தள்ளிய மையத்தில் ஆரையை அளக்க முயலாதீர்கள். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் காற்று, காலிப்பருக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டு பக்கமும் கடைந்த பிறகு தடிப்பை அளந்து 24க்குக் கொண்டுவாருங்கள். கட்டை 36 விட்டத்தில் உருண்டையாக இருந்து, மையங்களும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் மற்றது தானாக வரும்.

உவர்மலை_ரீச்சர் | வெள்ளி, இரவு 10.31

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், இந்த 7.5, 19.5 இரண்டையும் கண்டதும் பேனாவை வைத்துவிட்டேன். 7.5, 18, 19.5: ஒவ்வொன்றையும் 1.5 ஆல் வகுத்துப் பாருங்கள். 5, 12, 13! சாதாரண தரத்துப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் வரையும் அதே முக்கோணி ஒரு கொட்டாப்புளிக்குள் இருக்கிறது.

அந்த முக்கோணியே கூரின் கோணத்தையும் சொல்லிவிடும். இரண்டு வில்களும் சந்திக்கும் இடத்தில் உட்கோணம் ஏறக்குறைய 135 பாகை. கத்தியளவு கூர் இல்லை. ஆனால் அரை மணி நேரம் பிடித்து அடித்தால் உள்ளங்கை சொல்லும்.

உண்மையான நீள்வளையத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்றும் பார்த்தேன். நடுவிலிருந்து அகலப் பக்கமாக 9 மி.மீ. போனால் நீள்வளையத்தின் பாதித் தடிப்பு 10.4, உங்கள் கண்ணில் 9.8. 16 மி.மீ. போனால் நீள்வளையத்தில் 5.5, கண்ணில் 3.6. கண் எப்போதும் நீள்வளையத்துக்கு உள்ளேயே ஒடுங்கி நிற்கிறது. ஆகவே 36க்கு 24 கண்ணைக் கடைந்துவிட்டால், அதிலிருந்து 36க்கு 24 நீள்வளையத்தைச் செதுக்க முடியாது. மரம் போதாது.

நிலாவெளி_பொடியன் | சனி, காலை 6.40

அண்ணா, எங்களுக்குத் தொழினுட்ப வரைதலில் நான்கு மைய முறை இருக்கிறது. கவராயத்தால் நான்கு வில்கள் வரைந்தால் நீள்வளையம் போலவே வரும். ரீச்சரின் அளவுக்கு நானே கணக்குப் பார்த்தேன். தட்டையான பக்கத்தின் வளைவாரை 18 × 18 ÷ 12 = 27. நுனியின் வளைவாரை 12 × 12 ÷ 18 = 8. ஆகவே தடிப்புப் பக்கமாக 15 தள்ளி 27 ஆரையில் இரண்டு முறை, அகலப் பக்கமாக 10 தள்ளி 8 ஆரையில் இரண்டு முறை. நான்கு மையங்கள். வேலை முடிந்தது!

உப்புவெளி_கடைசல் | சனி, காலை 7.05

அருமை, தம்பி. தேநீர் குடித்துவிட்டு உடனே தொடங்குகிறேன்.

உவர்மலை_ரீச்சர் | சனி, காலை 9.20

பொறுங்கள், கடைய வேண்டாம்! வளைவாரைகள் சரிதான், அதற்கு முழுப் புள்ளி. ஆனால் கவராயம் வில்லை மட்டும் வரைகிறது, உளியோ முழு வட்டத்தையும் வெட்டுகிறது. 8 ஆரையில் கடைந்தால் அந்த 8க்கு வெளியே உள்ள மரம் எல்லாம் போய்விடும், மறுபக்கத்து நுனியும் சேர்த்து.

உப்புவெளி_கடைசல் | சனி, காலை 9.34

ரீச்சர், தாமதமாகிவிட்டது. என்னிடம் இப்போது 16 மி.மீ. தடிப்பில் மிக அழகான ஓர் உருண்டைக் குச்சி இருக்கிறது.

நிலாவெளி_பொடியன் | சனி, காலை 9.36

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

உவர்மலை_ரீச்சர் | சனி, காலை 10.15

குச்சியைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் அதற்குள் ஒரு தேற்றமே இருக்கிறது. மையத்தை எத்தனை முறை தள்ளிக் கடைந்தாலும் மிஞ்சுவது எல்லா வட்டங்களுக்கும் பொதுவான பகுதி. ஆகவே ஒவ்வொரு வட்டமும் முடிந்த பிடியை முழுவதுமாகத் தனக்குள் அடக்கியிருக்க வேண்டும். 36 அகலமுள்ள ஒன்றை அடக்கும் வட்டத்தின் ஆரை 18க்குக் குறைய முடியாது. நீள்வளையத்தின் நுனியோ 8 கேட்கிறது. நான்கு மையம் வைத்தாலும் நாற்பது வைத்தாலும், வில்கள் சந்திக்கும் இடத்தில் மூலை இருந்தே தீரும். உளி நகராமல், மரம் ஒரே அச்சில் நின்று சுழலும்வரை உண்மையான நீள்வளையம் கிடையாது.

மூதூர்_தச்சன் | சனி, பிற்பகல் 1.10

மூன்று தலைமுறையாகப் பிடி போடுகிற குடும்பம் எங்களுடையது. இவ்வளவு கணக்கு யாரும் பார்த்ததில்லை.

கட்டையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, கண் வடிவில் கடைந்து, நடு மையத்துக்கு மாற்றிக் கூர்களை மட்டும் லேசாகத் தட்டிவிட்டு, மிச்சத்தைச் சீவுளியாலும் சாண்ட் பேப்பராலும் முடியுங்கள். அரை மணி நேர வேலை. கைதான் அளவு.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் பத்திரிகைத் தாள் வைத்து ஒட்டி, 39 மி.மீ. விட்டத்தில் உருண்டையாகக் கடையுங்கள். உளியை வைத்துத் தட்டினால் தாள் வழியே பிளக்கும். இரண்டு பாதிகளிலும் உள்முகத்தை இழைத்துக் குறைத்துத் திரும்ப ஒட்டினால் தட்டைப் பிடி தயார்.

மரம் சாவண்டலை என்றால் நல்லது. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் காலத்து மர வியாபாரத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். பீப்பாயும் வண்டியும் செய்ய வாங்கிப் போனார்கள். அடியைத் தாங்கும், கையை அதிர வைக்காது. பாலை வேண்டாம். இரும்பு மாதிரிக் கனக்கும்.

உவர்மலை_ரீச்சர் | சனி, பிற்பகல் 2.02

மூதூர் நானா, நீங்கள் சொன்ன பத்திரிகைத் தாள் முறையில் ஒவ்வொரு பாதியிலும் 7.5 மி.மீ. இழைத்தால் கிடைப்பது சீனக்குடா அண்ணன் சொன்ன அதே கண். ஒரு மயிரிழை வேறுபாடு இல்லை. உருளையின் நடுவில் 15 மி.மீ. பட்டையை எடுப்பதும், மையத்தை 7.5 இருபுறம் தள்ளுவதும் ஒரே வடிவத்துக்கு இரண்டு பாதைகள். கணக்குப் பார்க்கவில்லை என்கிறீர்கள். உங்கள் பாட்டனார் பார்த்திருக்கிறார்.

மூதூர்_தச்சன் | சனி, பிற்பகல் 2.20

அவர் கையெழுத்தே போடமாட்டார், ரீச்சர். பெருவிரல்தான்.

சரி, நீள்வளையம்தான் வேண்டும் என்றால் இன்னும் சுலபமான வழி சொல்கிறேன். பச்சை மரத்தில் வட்டமாக ஒரு கிண்ணம் கடைந்து பரணில் போடுங்கள். காய்ந்ததும் தானே நீள்வளையமாகிவிடும்.

உவர்மலை_ரீச்சர் | சனி, பிற்பகல் 2.41

வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை. மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். வட்டத்தை ஒரு திசையில் மட்டும் சீராக அமுக்கினால் கிடைப்பது அசல் நீள்வளையம்.

கோணமலை_தொலைவில் | சனி, இரவு 8.15

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து. பிறந்தது திருகோணமலை லிங்கநகர்.

கோடரிப் பிடியைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சார்ட் 1819இல் துப்பாக்கிக் கட்டை கடைய ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மாதிரிப் பிடியும் புதுக் கட்டையும் ஒன்றாகச் சுழலும். மாதிரியை ஒரு சிறு சக்கரம் தடவிச் செல்ல, வெட்டும் சக்கரம் அதே அளவுக்கு உள்ளே போய் வெளியே வரும். அங்கே நகர்வது உளி. மரம் தன் அச்சிலேயே நிற்கும்.

படச்சட்டத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்களா?

சீனக்குடா | ஞாயிறு, காலை 7.30

மறக்கவில்லை. அதற்கு நேர்மாறான வழி இருக்கிறது: உளி அசையாது, மரம் சுழன்றுகொண்டே நகரும். அதற்கு நீள்வளையச் சக் (மரத்தைப் பிடித்துச் சுழற்றும் கருவி) வேண்டும். என்னிடம் இல்லை, ஆனால் செய்யலாம்.

மூன்று பாகங்கள். ஒன்று, சுழலாத வளையம். இயந்திரத்தின் தலைப்பகுதியில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சுழல்தண்டு அதன் நடுவாகப் போகும், ஆனால் வளையத்தின் மையம் தண்டின் மையத்திலிருந்து 40 மி.மீ. விலகியிருக்கும். இரண்டு, தண்டோடு சுழலும் முகத்தட்டு. அதில் ஒரு காடி (நீளப் பள்ளம்). மூன்று, அந்தக் காடியில் ஓடும் சறுக்குத் தட்டு. சறுக்குத் தட்டின் பின்புறத்தில் இரண்டு தாடைகள் வளையத்தை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். முகத்தட்டு சுற்றும்போது வளையம் சறுக்குத் தட்டை இப்படியும் அப்படியும் தள்ளும். சட்டப் பலகை சறுக்குத் தட்டின் மேல். தாடைகளுக்குப் பாலை மரம் போடலாம். நானா வேண்டாம் என்ற அந்தக் கனமும் இறுக்கமும் இங்கேதான் தேவை.

ஏன் 40? கண்ணாடியின் பாதி நீளம் 150, பாதி அகலம் 110, வித்தியாசம் 40. உளியைத் தண்டின் மையத்திலிருந்து வளையம் விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, 110இல் வைத்தால் கண்ணாடியின் அளவு விழும்.

தம்பியின் சிறிய இயந்திரத்தில் இது சுழலாது. வெளி விளிம்பு 360க்கு 280 என்று வைத்தால், பலகையின் நுனி ஒரு கட்டத்தில் தண்டிலிருந்து 220 மி.மீ. வரை எட்டும். என் பட்டறைக்கு வாருங்கள். இங்கே தண்டிலிருந்து இயந்திரப் படுக்கை வரை 240 மி.மீ. இடம் இருக்கிறது.

உவர்மலை_ரீச்சர் | ஞாயிறு, காலை 10.05

நேர்த்தி. நிரூபணம் இரண்டு வரிதான். பலகையின் மேல் ஓர் எறும்பு உட்கார்ந்து உளியைப் பார்க்கிறது என்று வையுங்கள். சறுக்கும் திசைக்குக் குறுக்கே பார்த்தால் உளியின் தூரம் 110இன் சைன் (அதாவது 110 × திரும்பிய கோணத்தின் சைன்). சறுக்கும் திசையில் பார்த்தால் 110இன் கோசைன்; அதோடு தட்டு நகர்ந்த 40இன் கோசைன். இரண்டும் சேர்ந்து 150இன் கோசைன். ஒரு திசையில் 150இன் கோசைன், மறு திசையில் 110இன் சைன்: அது நீள்வளையமேதான். தோராயம் எதுவும் இல்லை.

உளியை 102இல் வைத்தால் 142க்கு 102. 140இல் வைத்தால் 180க்கு 140. வித்தியாசம் எப்போதும் 40. ஆகவே உள் விளிம்பு சற்று ஒல்லியாகவும் வெளி விளிம்பு சற்று வட்டமாகவும் இருக்கும். ஆனால் சட்டத்தின் அகலம் நான்கு திசையிலும் 38. இடையில், சாய்ந்த பக்கங்களில், 37.6. கண்ணுக்குத் தெரியாது. உள் விளிம்பை அப்படியே பெருப்பித்து வெளி விளிம்பாக வரைந்திருந்தால் ஒரு பக்கம் 38, இன்னொரு பக்கம் 27 என்று வந்திருக்கும். பழைய சட்டங்கள் ஏன் அழகாக இருந்தன என்பது இப்போதுதான் விளங்குகிறது.

உளியை நடுவுக்கே கொண்டுபோனால் என்ன ஆகும்? பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள்.

நிலாவெளி_பொடியன் | ஞாயிறு, காலை 10.11

பாதி அகலம் 0, பாதி நீளம் 40. 80 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு!

மூதூர்_தச்சன் | ஞாயிறு, காலை 11.45

இதற்கு இவ்வளவு இரும்பும் பலகையும் எதற்கு? இரண்டு ஆணி, ஒரு நூல், வாள். அதுவும் வேண்டாம் என்றால் ஒட்டுப்பலகையில் சிலுவையாக இரண்டு காடி வெட்டி, இரண்டு கட்டைகளை ஓடவிட்டு, அவற்றை இணைக்கும் தண்டின் நுனியில் ரவுட்டரை (மரம் வெட்டும் மின்கருவி) பூட்டினால் நீள்வளையம் வெட்டும். பலகை அசையாது. யாருடைய பல்லும் போகாது.

சீனக்குடா | ஞாயிறு, பிற்பகல் 12.20

நானா சொல்வது ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் அந்தக் கருவி. அந்தத் தண்டில் இரண்டு கட்டைகளுக்கும் இடைத்தூரம் எவ்வளவு வைப்பீர்கள்? 150க்கும் 110க்கும் இடையிலான 40. அதே 40 தான் என் வளையத்தின் விலகல். அங்கே பலகை நின்று தண்டு சுற்றுகிறது. இங்கே உளி நின்று பலகை சுற்றுகிறது.

வெறும் விளிம்பு வெட்டுவதற்கு ரவுட்டர் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய சட்டத்தில் ஒரு குழிவு, ஒரு புடைப்பு, பிறகு மெல்லிய இரட்டைக் கோடு இருந்தது என்று தம்பி படம் அனுப்பினார். அந்த வளைவுகளுக்கு ஏற்ற அலகு கடையில் கிடைக்காது. உளியால் எந்த வளைவும் வரும்.

கோணமலை_தொலைவில் | ஞாயிறு, மாலை 6.50

பல் விடயத்தில் நான் நானாவின் பக்கம். அதிர்வைக் கணக்கிடாமல் தொடங்காதீர்கள்.

பலகையின் மையம் எப்படி நகர்கிறது என்று வரைந்து பார்த்தேன். முன்னும் பின்னும் ஆடும் என்று எதிர்பார்த்தேன், வந்தது வட்டம். தண்டின் மையத்தையும் வளையத்தின் மையத்தையும் இணைக்கும் 40 மி.மீ. கோட்டை விட்டமாகக் கொண்ட வட்டம். அதுவும் தண்டு ஒரு சுற்றுப் போகும்போது பலகையின் மையம் இரண்டு சுற்றுப் போகிறது!

பலகையும் தட்டும் சேர்த்து 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றில், 4 கிலோ 20 மி.மீ. ஆரையில் நிமிடத்துக்கு 600 முறை சுழல்கிறது. இயந்திரத்தை உதறும் விசை 32 கிலோ எடைக்குச் சமம். 150 சுற்றில் அது 8 கிலோ. வேகம் பாதியானால் விசை காலாகும். முகத்தட்டில் எதிர் எடை கட்டினாலும் பயனில்லை. அது ஒரு சுற்றுப் போகும், இது இரண்டு போகும்.

150ஐத் தாண்டாதீர்கள்.

உப்புவெளி_கடைசல் | மூன்று வாரங்கள் கழித்து, சனி, இரவு 9.40

சக் செய்துவிட்டோம். மூன்று சனிக்கிழமைகள், ஒரு பழைய பாலைத் தூண், நிறையத் தேநீர். வேகம் 120.

முதல் முறை ஓடவிட்டபோது எனக்குத் தலை சுற்றியது. பலகை முழுவதும் வெறி பிடித்ததுபோல ஆடுகிறது; ஆனால் உளி தொடும் ஒரே இடத்தில் மட்டும் விளிம்பு அசையாமல் நிற்கிறது. உளிக்கு இரண்டு விரல் மேலே பார்த்தால் மங்கல், உளியில் பார்த்தால் தெளிவு. அண்ணன் என் தோளில் தட்டி, ஆட்டத்தைப் பார்க்காதே, நுனியைப் பார் என்றார். விளிம்பின் சாய்வு மட்டும் ஏறக்குறைய 9 பாகை இப்படியும் அப்படியும் திரும்புகிறது. அதனால் உளியின் முதுகை மரத்தில் சாய்த்துச் சீவ முடியவில்லை, சுரண்டும் உளிதான் ஒத்துழைத்தது.

இரண்டாவது பலகைதான் தேறியது. முதல் பலகையில் உள் நீள்வளையமும் வெளி நீள்வளையமும் ஒன்றுக்கொன்று லேசாக முறுக்கிக்கொண்டு நின்றன. சட்டம் தலையைச் சாய்த்துக் கேட்பது போல இருந்தது.

உவர்மலை_ரீச்சர் | சனி, இரவு 10.05

உளியின் நுனி மைய உயரத்தில் இருந்ததா?

உப்புவெளி_கடைசல் | சனி, இரவு 10.08

10 மி.மீ. தாழ்ந்திருந்தது. உருண்டை கடையும்போது இருந்த பழக்கம்.

உவர்மலை_ரீச்சர் | சனி, இரவு 10.30

அதுதான். தாழ்ந்தாலும் நீள்வளையம்தான் வரும், ஆனால் சாய்ந்து வரும். சாய்வு ஏறக்குறைய, தாழ்ந்த உயரத்தை இரண்டு அரை அச்சுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. உள்ளே 10 ÷ 244, வெளியே 10 ÷ 320. பாகையில் 2.3, 1.8. இரண்டும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஆணியில் சற்றுத் திருப்பி மாட்டிவிடலாம். அரைப் பாகை வேறுபட்டதால்தான் முறுக்கு.

உப்புவெளி_கடைசல் | ஞாயிறு, காலை 8.00

இன்னும் ஒன்றே ஒன்று. வெளி விளிம்பைச் சுற்றி 1 மி.மீ. பித்தளைப் பட்டி போட வேண்டும். அம்மாவின் ஆசை. பட்டியை எவ்வளவு நீளம் வெட்டுவது? சராசரி ஆரை 160 என்று எடுத்தால் 1005 வருகிறது.

உவர்மலை_ரீச்சர் | ஞாயிறு, காலை 8.25

4 மி.மீ. குறையும். நீள்வளையத்தின் சுற்றளவுக்கு வட்டத்தைப்போல எளிய சூத்திரம் கிடையாது. ஆனால் இராமானுஜன் 1914இல் ஒரு தோராயம் தந்திருக்கிறார், தச்சருக்குத் தாராளமாகப் போதும். இரண்டு அரை அச்சுகளையும் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 960. பிறகு ஒன்றின் மும்மடங்கோடு மற்றதைக் கூட்டுங்கள்: 680. மாற்றிச் செய்யுங்கள்: 600. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்: 638.75. கழித்தால் 321.25. பையால் (π) பெருக்கினால் 1009.

சீனக்குடா | ஞாயிறு, காலை 8.40

பட்டியின் தடிப்பையும் சேருங்கள். பட்டியின் நடுக்கோடு மரத்திலிருந்து அரை மி.மீ. வெளியே ஓடுகிறது. 1012 வெட்டுங்கள்.

மூதூர்_தச்சன் | ஞாயிறு, காலை 9.15

எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஆனால் இது கச்சான் காற்றில் காய்ந்த பலகை. மாரி வந்தால் குறுக்கே ஊதும். பித்தளை ஊதாது. முழுவதும் ஆணி அடித்து இறுக்கினால் பட்டி பிய்யும், இல்லையென்றால் பலகை வெடிக்கும். பட்டியின் மூட்டு கீழே வரட்டும். மேல் பாதியில் மட்டும் ஆணி. கீழே இரண்டு நுனிகளும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கட்டும்.

உப்புவெளி_கடைசல் | மார்கழி, செவ்வாய், இரவு 7.55

அம்மம்மா திரும்பவும் சுவரில் இருக்கிறார். பத்து நாள் விடாத மழை. நானா சொன்னபடியே கீழே பட்டி 2 மி.மீ. திறந்திருக்கிறது.

உவர்மலை_ரீச்சர் | செவ்வாய், இரவு 8.20

நார் நீளவாக்கில்தானே? அப்படியென்றால் நீளம் மாறவில்லை, அகலம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த அளவில் பாதி அகலம் 1 மி.மீ. கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 3 கூடும். ஆகவே உங்கள் சட்டம் இப்போது 281.4 மி.மீ. அகலம். காலிப்பர் வைத்துச் சொல்லுங்கள்.

உப்புவெளி_கடைசல் | செவ்வாய், இரவு 8.31

281 என்கிறது காலிப்பர். சற்றுக் கூடவும் இருக்கலாம். அம்மா சுவரிலிருந்து கழற்ற விடவில்லை.

மூதூர்_தச்சன் | செவ்வாய், இரவு 8.50

இடைவெளியில் பசை எதுவும் வைத்து அடைத்துவிடாதீர்கள். சித்திரையில் மூடும்.